மூன்று வயதில் போன பிள்ளை

அன்புள்ள ஐயா,

அரசுத் தொடக்கப்பள்ளிகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் ஊர்ப் பள்ளியில் இப்போது 17 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். காலை உணவு, சீருடை, புத்தகம், பிற்பாடு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் என்று எவ்வளவோ கொடுத்தும் ஆள் சேரவில்லை. இந்த மாதிரிப் பள்ளிகளை மூடிவிட்டு, தனியார் பள்ளிக் கட்டணத்தை அரசே கட்டிவிட்டால் என்ன?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்பதில் பாதி ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும், அந்தச் செலவை அரசு திருப்பிக் கொடுக்கும். நுழைவு வகுப்பு என்றால் நம் நர்சரி, மெட்ரிக் பள்ளிகளில் எல்கேஜி. அதாவது மூன்று வயது. ஆனால் அரசுத் தொடக்கப்பள்ளி பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பில்தான் ஆரம்பிக்கிறது. மூன்று வயதில் அரசே கட்டணம் கட்டிப் பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஐந்து வயதில் அது ஏன் இங்கே வரவில்லை என்று கேட்கிறோம். பழகிய பள்ளியையும் சிநேகிதர்களையும் விட்டு எந்தப் பிள்ளை வரும்?

இது தெரிந்துதான் 2019-ல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். 2022-ல் அதையும் பள்ளியிலிருந்து எடுத்துவிடப் பார்த்து, எதிர்ப்பு வந்த பிறகு தொடர விட்டார்கள். உங்கள் ஊர் மாதிரிச் சின்னத் தொடக்கப்பள்ளிகள் பெரும்பாலானவற்றுக்கு அது வந்து சேரவே இல்லை.

அப்புறம் ஆசிரியர் கணக்கு. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பது சட்டத்தின் அட்டவணை. தலையை எண்ணுகிறார்கள், வகுப்பை எண்ணுவதில்லை. 17 பிள்ளை என்றாலும் அங்கே ஐந்து வகுப்பு இருக்கிறது, ஐந்து வகுப்புக்கும் தமிழ், ஆங்கிலம், கணக்கு எல்லாம் இருக்கிறது. அப்படி ஒரு பள்ளியில் நான் ஒரு காலை முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். ஓர் ஆசிரியை பயிற்சிக்காக வட்டார வள மையத்துக்குப் போய்விட்டார். இன்னொருவர் ஒரே அறையில் அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு, நான்காம் வகுப்புக்குக் கரும்பலகையில் வகுத்தல் கணக்கு எழுதிப் போட்டுவிட்டு, எமிஸ் என்ற பள்ளிக் கல்வித்துறைச் செயலியில் வருகையைப் பதிவுசெய்ய சிக்னல் தேடி வாசலுக்குப் போனார். அந்த நேரத்தில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, யாரும் சொல்லாமலே, ஒன்றாம் வகுப்புப் பையனின் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவள் பாட்டுக்கு அவ்வளவு அழகாகச் சொல்லிக்கொடுத்தாள். ஆனால் அவளுடைய கணக்கு?

மதியம் பள்ளிக்கு எதிர்வீட்டு அம்மாவிடம் பேசினேன். அவர் மகன் வேனில் போகிறவன். “டீச்சருங்க நல்லவங்கதான் சார், ஆனா ஒருத்தங்க அஞ்சு கிளாஸ எப்படிப் பாப்பாங்க?” என்றார். இலவசங்களை எண்ணி யாரும் பள்ளி சேர்ப்பதில்லை. தன் பிள்ளை முன்னால் ஓர் ஆசிரியர் நிற்கிறாரா என்றுதான் பார்க்கிறார்கள்.

மானியத்துக்கும் தலைதான் கணக்கு. ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் போடும் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 10,000 ரூபாய். சாக்பீஸ், பதிவேடு, குழாய் ரிப்பேர் எல்லாம் அதில்தான், அதிலும் ஒரு பங்கு சுகாதாரத்துக்கு என்று எடுத்து வைக்க வேண்டும். கூட்டம் குறைந்தால் ஆசிரியர் குறைவார், பணமும் குறையும், அதைப் பார்த்துக் கூட்டம் இன்னும் குறையும். இதே திட்டத்தில்தான் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று 2024-25-க்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்குத் தராமல் நிறுத்தியது. இரண்டு அரசுகளும் கொள்கைக்காக மோதட்டும், அதில் எனக்கும் ஒரு பக்கம் உண்டு. ஆனால் பிள்ளைகளின் பணத்தைப் பிணையாகப் பிடித்து வைப்பது அநியாயம்.

மூடிவிடலாம் என்கிறீர்கள். அந்த 17 பேர் யார் என்று பாருங்கள். வேனுக்குப் பணம் கட்ட முடியாதவர்கள், அப்பா அம்மா விடிகாலையில் வேலைக்குப் போய்விடுகிறவர்கள், பாட்டியிடம் வளர்கிறவர்கள். அரசு கட்டணத்தைக் கட்டினாலும் வேனுக்கும் மற்றதற்கும் யார் கட்டுவார்கள்?

ஒன்று செய்யுங்கள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு முன்னால், உங்கள் ஊரில் மூன்று வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று வீடு வீடாக எண்ணிக்கொண்டு போங்கள். அந்தக் கணக்கை வைத்து, எல்கேஜியும் மூன்றாவதாக ஓர் ஆசிரியரும் வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.