மஞ்சுவிரட்டுக்குப் போய்வந்த காளை பசுமேல் தாண்டுகிறது, ஆனால் பசு சினை நிற்கவில்லை. ஆண் ஹார்மோன் ஊசி போடலாமா?

போட வேண்டாம். காரைக்குடிப் பக்கம் ஓடிய புலிக்குளம் காளை, வந்ததும் நாலு நாள் கடும் காய்ச்சல், இப்போது மூன்று பசுவும் மறுபடி பருவத்துக்கு வருகின்றன என்கிறீர்கள். இதில் ஹார்மோனைவிடக் காய்ச்சலைத்தான் சந்தேகிப்பேன்.

மாடு மிரண்டால் அட்ரீனல் சுரப்பி கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோனைக் கொட்டும். கார்டிசால் ஏறினால், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் எல்.எச். என்ற தூண்டும் ஹார்மோன் குறையும், எல்.எச். இல்லாமல் காளையின் விதைக்குள் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஊறாது. தொழுவிலிருந்து அவிழ்த்துவிடும் சில நிமிட மிரட்சி என்றால் சீக்கிரமே பழைய நிலைக்கு வந்துவிடும். குட்டியானை வண்டியில் வெயிலில் நிறுத்தி, தண்ணி காட்டாமல், வாராவாரம் ஊர் ஊராக ஏற்றினால்தான் கார்டிசால் இறங்க நேரமே இருக்காது.

சூடு வேறு கணக்கு. விதை, உடம்பைவிட 2 முதல் 6 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அதனால்தான் வெளியே தொங்குகிறது. காய்ச்சலில் அந்தக் குளிர்ச்சி கெட்டால், அப்போது உருவாகிக்கொண்டிருந்த விந்தணுக்கள் பழுதாகும். காளைக்கு விந்தணு உருவாக 61 நாள், முதிர்ந்து வெளிவர மேலும் பத்து நாள் போல. மார்ச் 1இல் காய்ச்சல் என்றால் மே நடுவரை பழுதான சரக்குதான் வரும். இதற்குள் ஹார்மோன் சரியாகி, காளை ஆசையாகத் தாண்டும். தாண்டுவதை வைத்து எடை போடாதீர்கள்.

ஊசி ஏன் கூடாது? வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏறினால் பிட்யூட்டரி எல்.எச்.சை அடக்கிக்கொள்ளும். விந்தணு உருவாக விதைக்குள்ளே இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு வேண்டும், ஊசியால் அது வராது. உள்ளதும் போகும். வீக்கத்துக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து போட்டார்களா என்று பழைய மருந்துச் சீட்டையும் பாருங்கள். அதுவும் கார்டிசால் செய்யும் வேலையையே செய்யும்.

ஒரே ஒரு தடவை இரத்தம் எடுத்து டெஸ்டோஸ்டிரோன் பார்ப்பதும் தண்டச் செலவு, அது நாளெல்லாம் ஏறி இறங்கும். மருத்துவர் முதலில் இரத்தம் எடுத்து, எல்.எச்.சைத் தூண்டும் பூசெரிலின் ஊசி போட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிட்டால் அர்த்தமுண்டு.

காய்ச்சல் விட்ட நாளைக் குறித்து 75 நாள் ஓட்டமும் பயணமும் நிறுத்துங்கள். நிழல், எந்நேரமும் தண்ணீர், மதியம் உடம்பில் தண்ணீர் தெளிப்பு. அதுவரை பசுக்களுக்குச் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டுக்கொள்ளலாம். பிறகு விந்துப் பரிசோதனை. அதிலும் அணுக்கள் மந்தமாகவோ வால் சுருண்டோ இருந்தால் விதையைத் தடவிப் பார்த்து, விதையையும் தாக்கும் புருசெல்லோசிஸ் என்ற தொற்றுநோய்க்கான சோதனையும் கேளுங்கள்.