நண்பர் தன்பாலீர்ப்பாளர் என்று தெரிந்தும் மனம் விடவில்லை

கேள்வி: நான் 29 வயதுப் பெண். ஆறு வருடமாக எனக்கு மிக நெருங்கிய நண்பர் ஒருவர் இருக்கிறார். தான் தன்பாலீர்ப்பாளர், ஆண்களைத்தான் விரும்புபவர் என்று இரண்டு வருடம் முன்பே என்னிடம் சொல்லிவிட்டார். இருந்தும் அவரைக் காதலிக்கிறேன். பெரும்பாலான நாட்களில் இரவு பத்தரைக்கு மேல் ஒரு மணி நேரமாவது பேசுவோம். சில நாள் நான்கு வார்த்தையோடு முடித்துக்கொள்வார். போன் வராத நாளில் எனக்குத் தூக்கம் இல்லை. நான்கு மாதமாக அவருக்கு ஒரு துணை இருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. 58 கிலோ இருந்த நான் இப்போது 55. இது மனநோயா? அவர் மாறுவாரா? மாத்திரை ஏதும் உண்டா? அடுத்த மாதம் துணையோடு சேர்ந்து அவர் வைக்கும் விருந்துக்கு நான் போகலாமா?

பதில்: முதலில் எடையைப் பார்ப்போம். முயற்சி எதுவும் செய்யாமல் 5 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தால், காரணம் தெரிந்த மாதிரி இருந்தாலும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பு, இதே தூக்கமின்மை, இதே எடைக் குறைவு வரும். தைராய்டு, சர்க்கரை, ரத்த அணுக்கள் ஆகிய மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 'மனக்கவலைதானே' என்று உடம்பைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் காதல் மனநோய் இல்லை. அவருடைய ஈர்ப்பும் நோய் இல்லை. 1973-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமும், 1990-இல் உலக சுகாதார நிறுவனமும் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டன. மாற்றிக் காட்டுகிறோம் என்று சொல்லித் தரப்படும் 'சிகிச்சை'களால் ஈர்ப்பு மாறுவதில்லை. அதற்கு உட்பட்டவர்களுக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும்தான் மிஞ்சுகின்றன. 'ஒருவேளை இருபாலீர்ப்பாக இருக்குமோ' என்றும் உங்கள் மனம் கணக்குப் போட்டுப் பார்க்கும். அப்படிப்பட்டவர்கள் உலகில் உண்டு. ஆனால் தன்னைப் பற்றி அவர் உங்களிடம் சொன்னது வேறு. அவர் வாயால் சொன்னதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காதல் எப்படி முளைத்தது என்று புரிந்துகொண்டால் உங்கள் மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் பாதி குறையும். பல பெண்களுக்கு ஆண்களோடு பழகும்போது உள்ளே ஒரு காவல் விழித்துக்கொண்டே இருக்கிறது. இவர் ஏன் இப்படிப் பார்க்கிறார், எதை எதிர்பார்த்து உதவுகிறார் என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். இவரிடம் அந்தக் காவல் தேவைப்படவில்லை. தோளில் சாய்ந்து அழ முடிந்தது, சொன்னதைக் கடைசி வரை கேட்டார், உங்கள் உடம்பை அளக்கவில்லை. இப்படி ஒரு பாதுகாப்பு கிடைக்கும் இடத்தில் மனம் வேர் விடுவது இயல்பு. பாசப் பிணைப்பும் உடல் ஈர்ப்பும் நமக்குள் தனித்தனியாக இயங்கக்கூடியவை. அவருக்கு முதலாவது மட்டும் இருக்கிறது, உங்களுக்கு ஒன்றிலிருந்து மற்றொன்று கிளைத்துவிட்டது. அதனால் அவர் காட்டிய அன்பு பொய்யாகிவிடாது. உங்களிடம் அழகோ பெண்மையோ குறைந்துபோனதால் நேர்ந்ததும் அல்ல இது. இந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொரு முறை படியுங்கள்.

முளைத்தது வாடாமல் இருப்பதற்குக் காரணம் வேறு. ஒருவரையே ஓயாமல் நினைத்துத் தவிக்கும் இந்த நிலைக்கு 'லிமரென்ஸ்' என்று பெயர் வைத்து, 1979-இல் அதை விரிவாக விவரித்தார் உளவியலாளர் டாரதி டென்னோவ். அது உயிரோடு இருக்க நம்பிக்கையும் நிச்சயமின்மையும் சேர்ந்தே வேண்டும். உங்கள் இரவுப் பேச்சு இரண்டையும் கொடுக்கிறது. ஒருநாள் கனிவாக இரண்டு மணி நேரம், மறுநாள் நான்கே வார்த்தை. பத்தரை மணிக்கு 'டைப் செய்கிறார்' என்று திரையில் தோன்றி மறைகிறது. பிறகு ஒன்றும் வராமல் அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்குத்தான் மனம் அதிகம் அடிமையாகும். நிராகரிக்கப்பட்டும் காதலை விட முடியாத 15 பேரின் மூளையை ஸ்கேன் செய்த ஆய்வு ஒன்று 2010-இல் வெளியானது. காதலித்தவரின் படத்தைப் பார்த்தபோது, போதைக்கு ஏங்கும்போது தூண்டப்படும் பகுதிகளே அவர்களிடம் தூண்டப்பட்டன. ஆனால் நிராகரிப்புக்குப் பின் நாட்கள் கூடக்கூட, பிணைப்போடு தொடர்புடைய ஒரு பகுதியின் வேகம் தணிந்திருந்தது.

ஆகவே நான் சொல்வது ஆறு வார இடைவெளி. நட்பை முறிக்கச் சொல்லவில்லை. சொல்லாமல் காணாமல் போகவும் வேண்டாம், அது அவருக்குத் தண்டனையாகிவிடும். பகலில், நேரிலோ போனிலோ, பத்து நிமிடத்துக்குள் இப்படிச் சொல்லுங்கள்: "உன் மேல் எனக்கு நட்பைத் தாண்டிய உணர்வு இருக்கிறது. நீ யார் என்று எனக்குத் தெரியும், உன்னிடமிருந்து எதையும் எதிர்பார்க்கவில்லை. இதிலிருந்து வெளியே வர எனக்கு ஆறு வாரம் வேண்டும். அதுவரை பேச வேண்டாம். பிறகு நானே கூப்பிடுகிறேன்." இதில் கேள்வி ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். 'நான் ஆணாக இருந்திருந்தால்?' என்று கேட்டால், ஆறுதலுக்காக அவர் ஏதோ சொல்வார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு வருடம் ஓடிவிடும்.

அன்றே அவருடைய உரையாடலை 'ஆர்கைவ்' செய்து, பதிவுகளை 'மியூட்' செய்துவிடுங்கள். இடைவெளி பெரும்பாலும் உடைவது பேச்சால் அல்ல; ஸ்டேட்டஸ் பார்ப்பதால், கடைசியாக எப்போது ஆன்லைனில் வந்தார் என்று தேடுவதால், பொது நண்பரிடம் 'எப்படி இருக்கிறான்?' என்று விசாரிப்பதால். ஒருநாள் உடைந்தால் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்காதீர்கள், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். முதல் பத்து நாள் தவிப்பு கூடினால் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரவு பத்தரை காலியாகிவிடும். அதை நிரப்பாவிட்டால் திட்டம் நிற்காது. போனை வேறு அறையில் சார்ஜ் போடுங்கள். படுக்கப் போவதற்கு மூன்று மணி நேரம் முன்பு, ஏழரை வாக்கில், 15 நிமிடம் மனதில் இருப்பதைத் தாளில் எழுதுங்கள். அனுப்ப அல்ல, நான்கு நாள் எழுதிவிட்டு நிறுத்துவதற்கு. படுத்து 20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் அசந்ததும் திரும்புங்கள். எந்நேரம் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுங்கள். 'நினைக்கவே கூடாது' என்று மனதோடு மல்லுக்கட்டாதீர்கள், தடுத்த நினைவு இன்னும் பலமாகத் திரும்பும். பசி இல்லாவிட்டாலும் நேரத்துக்குக் கொஞ்சமாக, ஒரு நாளில் ஐந்து முறை சாப்பிடுங்கள்.

தோழி ஒருத்தியிடம் மனம்விட்டுப் பேசுவது நல்லது. ஆனால் உங்கள் காதலைச் சொல்லுங்கள், அவர் யாரை விரும்புகிறார் என்பதை அவர் அனுமதியில்லாமல் சொல்லாதீர்கள். அது உங்களுடைய ரகசியம் இல்லை. 'ஊருக்காக நீங்கள் இருவரும் கல்யாணம் செய்துகொள்ளலாம்' என்ற யோசனை யாரிடமிருந்து வந்தாலும் மறுத்துவிடுங்கள். அந்த வீட்டில் நீங்கள் தினமும் எதிர்பார்த்துக் காத்திருப்பீர்கள்.

காதலுக்கு மாத்திரை இல்லை. மனச்சோர்வுக்கு உண்டு. நாளின் பெரும்பகுதி சோகம், எதிலும் பிடிப்பின்மை, தூக்கமும் பசியும் கெடுதல், வேலையில் கவனம் சிதறுதல் ஆகியவை சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், ஆறு வாரம் முடியும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போய்விடுங்கள். பேச்சு சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். மருந்து தேவைப்பட்டாலும் முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம், நீங்களாக நிறுத்தக் கூடாது. தூக்க மாத்திரையைக் கடையில் நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள். தூக்கத்துக்காக மது வேண்டவே வேண்டாம், அது பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் தனியாக இருக்காமல் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

விருந்து ஆறு வாரத்துக்குள் வருகிறது என்றால் போக வேண்டாம். "இருவருக்கும் என் வாழ்த்து. இந்த முறை வர முடியவில்லை" என்று எழுதினால் போதும், காரணம் அவருக்கே தெரியும். ஆறு வாரம் கழித்து அவரைப் பார்க்கும்போது பகலில், ஒரு மணி நேரத்துக்கு மட்டும், மற்ற நண்பர்களோடு சேர்ந்து பாருங்கள். துணையின் பெயரை அவர் சொல்லும்போது வயிறு கலங்காமல் கேட்க முடிகிறதா என்று கவனியுங்கள். முடியவில்லை என்றால் இன்னும் நான்கு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.