கட்டணமில்லாச் சங்கத்தில் சந்தாவைக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: நோயாளிகளும் குடும்பத்தினரும் மருத்துவத் தகவல்களைப் புரிந்துகொண்டு முடிவெடுக்க உதவும் மருத்துவர்கள், செவிலியர்கள், நலக்கல்வியாளர்கள் சேர்ந்த சங்கம் எங்களுடையது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்துள்ளோம். இதுவரை உறுப்பினர் கட்டணம் இல்லை. பயிற்சிக்கும் அச்சுச் செலவுக்கும் நன்கொடை போதாததால் ஆண்டுச் சந்தா வாங்க நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் உங்கள் துணைவிதிகளில் உறுப்பினர் சேர்க்கை பற்றிய பகுதியைப் படித்துப் பாருங்கள். சந்தாவுக்கு அதில் இடமில்லையென்றால் செயற்குழுவின் முடிவு மட்டும் போதாது. 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறைந்தது 21 நாள் முன்னறிவிப்புடன் பொதுக்குழுவைக் கூட்டி, வாக்களிப்போரில் நான்கில் மூன்று பங்கினரின் ஆதரவோடு சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றி, திருத்தத்தை மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முன்பே ரசீதுப் புத்தகம் அச்சடித்து வசூலில் இறங்கினால், சங்கத் தேர்தல் வரும்போது யார் உறுப்பினர், யாருக்கு வாக்கு என்ற தகராறு நிச்சயம் எழும். ஆகவே நிலுவை வைத்திருப்பவருக்கு வாக்குரிமை உண்டா, எத்தனை மாதம் அவகாசம், இப்போதுள்ள உறுப்பினர்களின் நிலை என்ன என்பவற்றையும் அதே திருத்தத்தில் எழுதிவிடுங்கள்.

தொகையை முடிவு செய்யும்போது ஜிஎஸ்டியை மறக்க வேண்டாம். சங்கத்தின் ஆண்டு மொத்த வருவாய் 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பொதுவாகப் பதிவு தேவைப்படாது. அதைத் தாண்டினாலும், கல்வி, சமூகநலம் போன்ற பணிகளில் ஈடுபடும் இலாப நோக்கற்ற அமைப்புக்கு, ஓர் உறுப்பினர் ஆண்டுக்குச் செலுத்தும் 1,000 ரூபாய் வரையிலான சந்தாவுக்கு விலக்கு உண்டு. அந்த வரம்புக்குள் நிற்பதே நல்லது என்பேன். சந்தாவை நன்கொடையாகக் காட்டி, நன்கொடையாளர் வருமான வரிச் சலுகை பெற உதவும் 80ஜி ரசீது கொடுப்பது தவறு. இரண்டுக்கும் தனித்தனி ரசீதுப் புத்தகம் வைத்துக்கொள்ளுமாறு பொருளாளரிடம் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் ஒரே தொகை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தனியார் மருத்துவமனை நிபுணருக்கு 1,000 ரூபாய் பெரிதாகத் தெரியாது. ஆனால் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தம் பார்க்கும் தன்னார்வலருக்கு அது கனமான தொகை. மாத்திரை உறையில் ‘1-0-1’ (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று) என்று எழுதியிருப்பதை மூதாட்டி ஒருவர் எப்படிப் புரிந்துகொள்கிறார் என்று நேரில் பார்ப்பவர் அவர்தான். அவரை இழந்துவிட்டு இந்தச் சங்கம் யாரிடம் கற்கப்போகிறது? களப்பணியாளர்களுக்கும் மாணவர்களுக்கும் பெயரளவிலான தொகை வைத்து, அவர்களுக்கு முழு வாக்குரிமையும் கொடுங்கள்.

அறிவிப்புக் கடிதத்தை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எப்படிச் செலுத்துவது, அந்தப் பணம் எதற்கு, செலுத்த இயலாதவர் யாரை அழைப்பது. அனுப்புவதற்கு முன், பொறுப்பில் இல்லாத ஐந்து உறுப்பினர்களிடம் கொடுத்து, படித்ததைத் தங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டை விளக்கியபின் நோயாளியிடம் நீங்கள் கையாளும் அதே முறைதான் இது. யாராவது தேதியிலோ வாக்குரிமையிலோ தடுமாறினால், அந்த வரியை மாற்றி எழுதி, வேறு சிலரிடம் மறுபடி கொடுத்துப் பார்த்த பிறகே எல்லோருக்கும் அனுப்புங்கள்.