வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2010 ஜூன் 25 அன்று, நம் டர்பன் மோசஸ் மபிடா அரங்கில் பிரேசிலும் போர்ச்சுகலும் கோலின்றிச் சமன் செய்த ஆட்டத்தை நேரில் கண்டது முதல் பிரேசில் கால்பந்தைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். மிராசோல் என்னும் சிறு நகரத்தின் கழகம் முதல் பிரிவுக்கு எவ்வாறு உயர்ந்தது, ஐயா?
– ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: சாவோ பாவ்லோ மாநிலத்தின் உட்பகுதியிலுள்ள மிராசோலின் மக்கள்தொகை சுமார் 60,000, நீங்கள் அமர்ந்திருந்த அரங்கை நிரப்பினால் ஊரில் சில ஆயிரம் பேரே மீதமிருப்பர். 1925இல் தோன்றிய இக்கழகம் நெடுங்காலம் கீழ்ப்பிரிவுகளிலேயே இருந்தது. அங்கு இளம் வயதில் பயின்ற லூயிஸ் அராவுஜோவைச் சாவோ பாவ்லோ கழகம் 2017இல் பிரான்ஸின் லீல் கழகத்துக்கு விற்றபோது, மிராசோல் தனக்குக் கிடைத்த பங்கை ஒரே பருவத்துக்குப் பெயர்பெற்ற வீரர்களை அமர்த்துவதில் கரைத்துவிடாமல், பயிற்சி மையம் அமைக்கச் செலவிட்டதே அதன் உயர்வுக்கு முதன்மைக் காரணம் என்பது என் கருத்து. 2020ஆம் ஆண்டுப் பருவத்தில் நான்காம் பிரிவிலும் 2022இல் மூன்றாம் பிரிவிலும் பட்டம் வென்று, 2024இல் இரண்டாம் பிரிவில் சாண்டோஸுக்கு அடுத்த இடம் பெற்றது. 2025இல் முதன்முறையாக முதல் பிரிவில் ஆடி, நான்காம் இடம் பிடித்து, தென் அமெரிக்காவின் லிபர்டடோரஸ் கோப்பைக்கும் தகுதி பெற்றது.