லில்லிப்பூ யார் கப்பலில்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரலாற்றுக் கடல் நாவல் ஒன்று எழுதி வருகிறேன். பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கடற்படைகள் மோதிய 1798 நைல் போரில் தொடங்கி 1805 டிரஃபால்கர் போரில் முடிகிறது. நாயகன் பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சனின் ‘வான்கார்டு’ கப்பலில் மிட்ஷிப்மேன், அதாவது பயிற்சி இளநிலை அதிகாரி. முதல் அத்தியாயத்தில் கப்பலின் அமரத்தில் (பின்புறத்தில்) பொன் பூசிய அரச இலச்சினை இருப்பதாக எழுதி, இன்றைய பிரிட்டிஷ் இலச்சினையைப் பார்த்தே வர்ணித்துவிட்டேன். பாய்மர உச்சியில் அரசரின் சொந்தக் கொடியான ராயல் ஸ்டாண்டர்டு பறக்கிறது. போர் முடிந்த பிறகு பிடிபட்ட ஒரு சிறு கப்பலில் நாயகன் பிரிட்டிஷ் தேசியக் கொடியான யூனியன் கொடியைத் தலைகீழாக ஏற்றி, தனக்கு ஆபத்து என்று தெரிவிக்கிறான். படித்த நண்பர் மூன்றும் தவறு என்கிறார். உண்மையா? திருத்த முடியுமா? சிங்கம் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதிலும் குழப்பம்.

ஒரு வாசகர், நாகப்பட்டினம்

அன்புள்ள நண்பருக்கு,

மூன்றும் தவறுதான். ஆனால் திருத்தினால் உங்கள் கதை இன்னும் சுவையாகும்.

இலச்சினையில் தொடங்குவோம். நீங்கள் வர்ணித்திருப்பது 1837க்குப் பிந்தையது. விக்டோரியா அரியணை ஏறியபோது, அதுவரை அதே அரசர் ஆண்ட, பெண் ஆள முடியாத ஜெர்மானிய நாடான ஹனோவர் தனியே பிரிந்துபோக, அதன் சின்னமும் கேடயத்திலிருந்து போனது. 1798இல் கேடயம் நான்கு கட்டமாக வேறு மாதிரி இருந்தது. முதல் கட்டமே இரண்டாகப் பிளந்திருக்கும்: ஒரு பாதியில் சிவப்பின் மேல் மூன்று பொன் சிங்கங்கள், இங்கிலாந்து. மறு பாதியில் பொன்னின் மேல் எழுந்து நிற்கும் சிவப்புச் சிங்கம், ஸ்காட்லாந்து. இந்தச் சிங்கத்தைச் சுற்றி லில்லி முனைகள் கொண்ட இரட்டைக் கரை ஓடும். பிளந்த நடுக்கோட்டுப் பக்கம் மட்டும் அந்தக் கரை இருக்காது, அறுந்து நிற்கும். அக்கால இலச்சினையை அடையாளம் காண இதைப் பாருங்கள். மூன்றாம் கட்டத்தில் அயர்லாந்தின் யாழ். நான்காவதில் ஹனோவர்: சிவப்பில் இரண்டு பொன் சிங்கங்கள், இதயங்கள் இறைந்த பொன் தரையில் நீலச் சிங்கம், ஓடும் வெள்ளைக் குதிரை.

இரண்டாம் கட்டத்தை வேண்டுமென்றே தாண்டினேன். அங்கே நீலத்தின் மேல் மூன்று பொன் லில்லிப்பூக்கள். பிரான்சின் சின்னம்! 1340இல் மூன்றாம் எட்வர்ட் பிரெஞ்சு அரியணைக்கு உரிமை கோரிக் கேடயத்தில் சேர்த்தது. நான்கரை நூற்றாண்டு கழித்தும் இங்கிலாந்து அரசர் பட்டத்தில் ‘பிரான்சின் அரசர்’ என்பதும் ஒட்டிக்கொண்டிருந்தது. அயர்லாந்து இணைப்பு நடைமுறைக்கு வந்த 1801 ஜனவரி 1 அன்றுதான் பூவும் பட்டமும் ஒன்றாகக் கைவிடப்பட்டன.

இதன் வேடிக்கையைக் கவனியுங்கள். பிரெஞ்சு அரசர் பதினாறாம் லூயியின் தலை 1793இலேயே போய்விட்டது. நைல் போரில் பிரெஞ்சுக் கப்பல்களில் நீலம், வெள்ளை, சிவப்புப் பட்டைக் கொடி. அவர்களின் தலைமைக் கப்பல் ‘லோரியான்’ கட்டப்பட்டபோது ‘தோஃபேன் ரோயால்’, அதாவது பட்டத்து இளவரசன் பெயர் கொண்டது. அந்தப் பெயரையும் மாற்றிவிட்டார்கள். ஆக நைல் போர் நடந்த 1798 ஆகஸ்ட் 1 இரவு, பிரெஞ்சு அரசமரபின் லில்லிப்பூ சின்னமாக மிஞ்சியிருந்தது ஆங்கிலேயர் பக்கம்தான். உங்கள் ஊருக்கு எதிரே 1782 ஜூலை 6 அன்று பிரிட்டிஷ் தளபதி ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரெனும் மோதினார்களே, அங்கே இரு தரப்பு அரசர்களின் கேடயத்திலும் அதே பூ. நாயகனின் பழைய பீரங்கிக்காரர் ஒருவர் அந்தப் போரில் இருந்தவராக இருந்தால், ஒரு வரியில் இதைச் சொல்ல வைக்கலாம்.

அடுத்தது இடம். அமரம் முழுக்கச் செதுக்கிய பெரிய இலச்சினை 17ஆம் நூற்றாண்டின் மோஸ்தர். 1667இல் இங்கிலாந்தின் மெட்வே ஆற்றில் டச்சுக்காரர்கள் இழுத்துச் சென்ற ‘ராயல் சார்லஸ்’ கப்பலின் அமரப் பலகை, சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையுமாக இன்றும் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நெல்சன் காலத்தில் செதுக்கு வேலை வெகுவாகச் சுருங்கிவிட்டது. டிரஃபால்கரில் நெல்சன் இருந்த ‘விக்டரி’ கப்பலில்கூட 1803இல் முடிந்த பெரும் பழுதுபார்ப்பின்போது, அணியத்தில் (முன்முனையில்) இருந்த ஆடம்பரச் சிற்பத் தொகுதியை எடுத்துவிட்டு, இரண்டு குழந்தைத் தேவதைகள் கிரீடத்தோடு அரச கேடயத்தைத் தாங்கும் எளிய வடிவம் வைத்தார்கள். டிரஃபால்கர் அத்தியாயத்துக்கு அது போதும்.

‘வான்கார்டு’க்கு வேறு வழி சொல்கிறேன். கீழ்த்தளத்து இரும்புப் பீரங்கிகளின் முதுகில் அரசரின் முத்திரை வார்க்கப்பட்டிருக்கும்: மேலே கிரீடம், கீழே பின்னிப் பிணைந்த ஜி, ஆர், நடுவில் 3 என்ற எண் (மூன்றாம் ஜார்ஜ் அரசர்). மேலே மேலே பூசிய கறுப்பு வண்ணத்தில் விளிம்புகள் மழுங்கியிருக்கும். நைல் போர் பெரும்பாலும் இருட்டில் நடந்தது. அமரச் சிற்பம் யார் கண்ணிலும் படப்போவதில்லை. சூடேறிய குழாயில் கை பட்டு அந்தக் கிரீடத்தின் மேடு தட்டுப்படுவது மிட்ஷிப்மேனுக்கு நடக்கக்கூடியது.

ராயல் ஸ்டாண்டர்டை இறக்கிவிடுங்கள். அரசர் கப்பலில் இருந்தால் மட்டுமே அது ஏறும். அட்மிரலின் கொடி எந்தப் பாய்மரத்தில் என்பதே அவர் படிநிலை: அட்மிரல் நடுமரம், வைஸ் அட்மிரல் முன்மரம், ரியர் அட்மிரல் பின்மரம். நிறம் அவர் பிரிவு: சிவப்பு மூத்தது, அடுத்து வெள்ளை, கடைசி நீலம். நைலில் நெல்சன் நீலப் பிரிவின் ரியர் அட்மிரல். ஆகவே பின்மர உச்சியில் வெறும் நீலக் கொடி. கப்பலின் பின்புறத்தில் பறக்கும் அமரக் கொடியும் முறைப்படி நீலமாக இருக்க வேண்டும். ஆனால் இரவில் தெரியவேண்டும் என்று எல்லாக் கப்பல்களும் வெள்ளை அமரக் கொடி ஏற்றி, பின்மரப் பக்கம் நான்கு விளக்குகளைக் கிடைவரிசையில் தொங்கவிட்டன. டிரஃபால்கரில் அவர் வெள்ளைப் பிரிவின் வைஸ் அட்மிரல், கொடி முன்மரத்தில். அவருக்கு அடுத்த தளபதி காலிங்வுட் நீலப் பிரிவு. குழப்பம் வேண்டாமென்று அன்றும் எல்லோருக்கும் வெள்ளைதான்.

தலைகீழ்க் கொடிதான் பெரிய சிக்கல். 1801க்கு முந்தைய யூனியன் கொடியில் அயர்லாந்தின் சிவப்புக் குறுக்குப் பட்டைகள் கிடையாது. நீலத்தில் வெள்ளைப் பெருக்கல் குறி, அதன் மேல் வெள்ளைக் கரையிட்ட சிவப்புச் சிலுவை, அவ்வளவே. அதை எப்படிப் புரட்டினாலும் ஒரே மாதிரி இருக்கும்! தலைகீழ் என்பதே சாத்தியமில்லை. 1801இல் சிவப்புப் பட்டைகளை ஓரம் தள்ளி வைத்த பிறகே மேல், கீழ் வந்தது: கம்பத்தை ஒட்டிய பாதியில் அகன்ற வெள்ளைப் பட்டை மேலே இருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு வழி. யூனியனுக்குப் பதில் அமரக் கொடியைப் புரட்டுங்கள். மூலையில் இருக்கும் யூனியன் கட்டம் கீழே போய்விடும், தூரத்திலிருந்தும் தெரியும். அல்லது காட்சியை 1801 ஏப்ரல் 2, கோபன்ஹேகன் போருக்கு நகர்த்துங்கள். புதுக்கொடிக்கு அப்போது வயது மூன்று மாதம். அகன்ற பட்டை மேலா கீழா என்று ஆள் தடுமாறுவதையே திருப்பமாக்கலாம். நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

இடம் வலம்: கேடயத்தைப் பிடித்து நிற்பவரின் கையைக் கொண்டு கணக்கு. சாமியின் வலக்கை நமக்கு இடப்பக்கம் தெரிவதுபோலத்தான். கிரீடம் அணிந்த சிங்கம் கேடயத்தின் வலம், பார்ப்பவருக்கு இடம். சங்கிலி பூட்டிய ஒற்றைக்கொம்புக் குதிரை எதிர்ப்பக்கம். நாவலில் ‘பார்ப்பவருக்கு இடப்பக்கம்’ என்றே எழுதுங்கள். ஓவியர் அட்டைப்படம் வரையும்போது மாற்றிப் போட்டுவிடாமல் இருப்பார்.