2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய சொகுசு எஸ்யூவியை வாங்கலாமா?

2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய சொகுசு ஆஃப்ரோடு எஸ்யூவியை நம்பி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம். ஆனால் ஓடோமீட்டரைவிடப் பராமரிப்புப் பதிவேட்டைத்தான் நான் நம்புவேன்.

எல்லாரும் எஞ்சினைப் பற்றியே கவலைப்படுகிறார்கள்; பலமுறை கையைக் கடிப்பது ஏர் சஸ்பென்ஷன். சுருள் வில்லுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பைகளால் வண்டியைத் தாங்கும் இந்த ஏற்பாடு, ரேஞ்ச் ரோவர் எஸ்யூவியில் 1992-இல் வந்தது. ஆண்டுகள் ஆக ஆக, காற்றுப்பையின் ரப்பர் மடிப்புகளில் மயிரிழை விரிசல்கள் விழும். கசிவை ஈடுகட்ட, பைகளுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெசர் ஓயாமல் ஓடிச் சூடேறி, கடைசியில் பழுதாகிவிடும். கசிவை அடைக்காமல் கம்ப்ரெசரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே கதிக்கு ஆளாகும். இப்படிப் பணத்தை இழப்பவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. இரவு சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவுகளின் உயரத்தையும் அளந்து குறித்துவையுங்கள். காலையில் ஒரு மூலை இறங்கியிருந்தால் அங்கே சோப்பு நீரைத் தெளியுங்கள். குமிழி இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் செல்லும் பிளாஸ்டிக் இணைப்புகள். வெப்பத்தில் மொறுமொறுப்பாகி, எதிர்பாராத நேரத்தில் உடையும். கூலன்ட் அளவு குறைந்துகொண்டே வந்தால் காரணம் தெரியும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் பெட்டி) எண்ணெயை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாவிட்டால் உடனே மாற்றுங்கள்.