எந்த விளிம்பிலிருந்து?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். பட்டத்துக்குச் சூத்திரம், அதாவது நூலை இணைக்கும் கயிறு, கட்டுவது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த தைரியத்தில் இதைக் கேட்கிறேன். நானும் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் நான்கு மாதம் உழைத்து, ரேடியோவில் இயங்கும் இரட்டை இறக்கை மாதிரி விமானம் ஒன்றைப் பால்சா மரத்தில் கட்டினோம். இரண்டு இறக்கையும் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை ஒரே அகலம், 180 மி.மீ. மேலிறக்கை கீழிறக்கையைவிட 45 மி.மீ. முன்தள்ளி இருக்கிறது. பேட்டரியோடு எடை 1,400 கிராம். வரைபடத்தில் ஈர்ப்பு மையம் ‘முன்விளிம்பிலிருந்து 70 மி.மீ.’ என்றிருந்தது. கீழிறக்கைக்கு அடியில் விரல் வைத்துத் தூக்கிப் பார்த்தோம். தடுமாறித் தடுமாறி ஒருவழியாக நின்றது. “எந்த இறக்கையோட முன்விளிம்பு அப்பா?” என்று மகள் கேட்டாள். பேசாமல் பிடி என்றேன்.

ஆடி மாதம், மாலை நான்கு மணி. தரையை விட்டதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நட்டமாக ஏறியது. மோட்டார் வேகத்தைக் குறைத்தேன், மூக்கை ஏற்றி இறக்கும் வால்பலகையான எலிவேட்டரை முழுக்கக் கீழே தள்ளினேன். கேட்கவில்லை. இடப்பக்கம் சாய்ந்து உடைமரத்தில் விழுந்தது. பாகங்கள் விற்ற கடைக்காரர் மோட்டாருக்குச் சக்தி அதிகம் என்கிறார். ஊரில் எல்லோரும் காற்றைச் சொல்கிறார்கள். மற்ற அளவுகளையும் படங்களையும் இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர், பணகுடி

அன்புள்ள தம்பி,

ஆடி மாதம் பணகுடியில் மாலை நான்கு மணிக்கு விமானம் விட்டீர்கள் என்பதைப் படித்ததும் ஒரு நிமிடம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றை நம்பித்தானே முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டுவைத்திருக்கிறார்கள்? ஆனாலும் உங்கள் விமானத்தை விழவைத்தது காற்று இல்லை. மோட்டாரும் இல்லை. மோட்டார்தான் காரணமென்றால் வேகத்தைக் குறைத்ததும் மூக்கு தணிந்திருக்கும்.

கடிதத்தில் எல்லாவற்றையும் நீங்களே எழுதிவிட்டீர்கள், அதுவும் ‘பேசாமல் பிடி’ என்ற இடத்தில். ஒற்றை இறக்கை விமானத்தில் முன்விளிம்பு என்றால் ஒன்றுதான். உங்களுடையதில் இரண்டு, அவற்றுக்கு நடுவே 45 மி.மீ. வித்தியாசம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு இறக்கையும் ஒரே அளவு என்பதால், இரண்டுக்கும் நடுவில் ஒரு கற்பனை இறக்கை இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அதன் முன்விளிம்பு, மேலிறக்கையின் முன்விளிம்பிலிருந்து 22.5 மி.மீ. பின்னால் வரும். மேலிறக்கையிலிருந்து 70 மி.மீ. அளந்தால், கற்பனை இறக்கையில் 47.5 மி.மீ., அதாவது அகலத்தில் 26 சதவீதம். இது நல்ல இடம். இத்தகைய விமானங்களுக்குக் கால் பங்கை ஒட்டித்தான் ஈர்ப்பு மையம் அமைய வேண்டும். நீங்களோ கீழிறக்கையிலிருந்து அளந்தீர்கள். அது மேலிறக்கையிலிருந்து 115 மி.மீ. கற்பனை இறக்கையில் 92.5 மி.மீ., அதாவது 51 சதவீதம். இறக்கையின் நட்டநடுவில் பாரத்தை வைத்துப் பறக்கவிட்டிருக்கிறீர்கள். அது பத்து விநாடி ஆகாயத்தில் இருந்ததே உங்கள் மகளின் கைவேலை நேர்த்தியாக இருந்ததால்தான்.

பட்டத்தில் சூத்திரத்தைக் கீழே இறக்கிக் கட்டினால் என்ன ஆகும் என்று முன்பு எழுதியிருந்தேன். பட்டம் மல்லாந்து, காற்றை நெஞ்சு முழுக்க வாங்கி, நிலைகொள்ளாமல் ஆடும். விமானத்திலும் ஏறக்குறைய அதே கதைதான். பாரம் முன்னால் இருந்தால், மூக்கு தூக்கும்போது வாலிறக்கை அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். பாரம் பின்னால் போய்விட்டால் தூக்கிய மூக்கு இன்னும் தூக்கும். எலிவேட்டர் கேட்கவில்லை என்கிறீர்களே, பாவம், அதன் பலத்துக்கு மீறிய வேலையை அதனிடம் கொடுத்திருக்கிறீர்கள்.

இன்னொரு தவறு, தூக்கிப் பார்த்த முறை. கீழிறக்கைக்கு அடியில் விரல் வைத்தால் விமானத்தின் எடையில் பெரும்பகுதி விரலுக்கு மேலே நிற்கிறது. உள்ளங்கையில் கம்பை நட்டு நிறுத்துகிற வித்தை அது. தடுமாறித்தான் நிற்கும், நின்றாலும் நம்ப முடியாது. மேலிறக்கையைத் தாங்குங்கள். நீங்கள் ஒரு நுனியில், மகள் மறு நுனியில், 70 மி.மீ. குறிக்கு நேர் அடியில் ஆளுக்கொரு விரல். உடல் தூக்குக்குண்டு மாதிரி கீழே தொங்கும். வால் தாழ்ந்தால் பாரம் பின்னால், மூக்கு தாழ்ந்தால் முன்னால். பேட்டரி, ப்ரொப்பெல்லர், மூடிகள் எல்லாம் பறக்கிறபோது இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும். எரிபொருள் எஞ்சினாக இருந்தால் டாங்கைக் காலியாக வைத்துப் பார்க்கச் சொல்வேன். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இப்போது பாரத்தை 45 மி.மீ. முன்னால் கொண்டுவர வேண்டும். 1,400-ஐ 45-ஆல் பெருக்கினால் 63,000. மோட்டார்ப் பலகை குறியிலிருந்து 210 மி.மீ. முன்னால் இருக்கிறது. 63,000-ஐ 210-ஆல் வகுத்தால் 300. ஈயத்தாலேயே சரிக்கட்டினால் அத்தனை கிராம் வேண்டும். அவசரப்பட்டு உவரிக்குப் போய் வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை வாங்கிவந்துவிடாதீர்கள். உங்கள் 180 கிராம் பேட்டரியை 120 மி.மீ. முன்னால் நகர்த்த இடம் இருப்பது படத்திலேயே தெரிகிறது. அதிலேயே 21,600 தீர்ந்துவிடும். ஈயம் 200 கிராமுக்குள் வந்துவிடும். பிறகு வாலைப் பாருங்கள். அது குறியிலிருந்து 630 மி.மீ. பின்னால், அதாவது மூக்கைப்போல் மூன்று மடங்கு தூரத்தில். அங்கே இருக்கும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் மூன்று கிராம் தண்டம். அந்தப் பித்தளை வால்சக்கரமும் கனத்த பெயிண்டும் எதற்கு? அவற்றில் 20 கிராம் கழித்தால் மூக்கில் 60 கிராம் மிச்சம். பாக்கியை ஈயமாக மோட்டார்ப் பலகையில் திருகாணி போட்டு முடுக்குங்கள். வெறும் பசையை நம்ப வேண்டாம், பறக்கும்போது ஈயம் பெயர்ந்து விழுந்தால் மறுபடியும் உடைமரம்தான்.

மூக்கு குட்டையான இரட்டை இறக்கை மாதிரிகள் எல்லாவற்றுக்கும் இந்தத் தலைவலி உண்டு. முதல் உலகப் போரின் சாப்வித் கேமல் என்ற போர் விமானத்தில் கனத்த சுழல் எஞ்சின் மூக்கிலேயே இருந்ததால் குட்டை மூக்கு போதுமாக இருந்தது. நாம் அங்கே சின்ன மின்மோட்டாரை வைத்துவிட்டு ஈயத்தைத் தேடுகிறோம். 1931-இல் முதலில் பறந்த டைகர் மாத் என்ற பயிற்சி விமானத்தின் கதை இன்னும் ருசியானது. முன் இருக்கைக்காரர் பாராசூட்டோடு வெளியேற வழிவேண்டும் என்று மேலிறக்கையை முன்னால் தள்ளினார்கள். தூக்கும் விசையும் கூடவே முன்னால் போனது. அதை ஈடுகட்டத்தான் இறக்கைகளைப் பின்பக்கமாகச் சாய்த்தார்கள். அந்த அழகான சாய்வு அழகுக்காக வந்ததல்ல. டைகர் மாத் மாதிரியைக் கட்டுகிறவர்கள் அந்தச் சாய்வையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உங்களுக்கு நேர் இறக்கை, தப்பித்தீர்கள்.

உடைந்த இடது இறக்கையை ஒட்டும்போது பசை அங்கே கூடிவிடும். மோட்டார் தண்டையும் வால் நுனியையும் பிடித்துத் தூக்கி, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். எதிர்ப்பக்க நுனியில் கொஞ்சம் எடை வைத்தால் சரியாகிவிடும்.

முதல் பறப்புக்குப் பாரம் குறியிலிருந்து இரண்டு மூன்று மி.மீ. முன்னால் இருந்தாலும் கவலையில்லை, இறங்கும்போது சற்று வேகமாக வரும், அவ்வளவுதான். பின்னால் ஒரு மி.மீ.கூட வேண்டாம். நன்றாகப் பறந்த பிறகு ஒருநாள் போதிய உயரத்தில் மோட்டாரைக் குறைத்து, மூக்கைச் சரித்துவிட்டு, ரேடியோவின் குச்சியைத் தொடாமல் பாருங்கள். வெடுக்கென்று நிமிர்ந்தால் மூக்கில் பாரம் கூடுதல். நிமிராமல் மேலும் மேலும் குத்தினால் உடனே இறக்கிப் பேட்டரியை முன்னால் தள்ளுங்கள்.

இடத்தையும் மாற்றுங்கள். உங்களுக்கு ஒரு பக்கம் மகேந்திரகிரியில் இஸ்ரோ வளாகம், இன்னொரு பக்கம் கூடங்குளம், கொஞ்சம் தள்ளி விஜயநாராயணத்தில் கடற்படை நிலையம். ஆளில்லா விமானங்களை எங்கே விடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சையாக இருக்கும் இடத்தைத் தேடிக்கொள்ளுங்கள். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் விடக் கூடாது. ஆடிக்காற்று ஓயட்டும், மழையும் போகட்டும். தை பிறந்ததும், காலை ஏழு மணிக்குள், ஆள் நடமாட்டம் இல்லாத பொட்டலாகப் பார்த்துப் போங்கள்.

மகளை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் இன்னும் பாக்கி இருக்கிறது: மேலிறக்கை.

அன்புடன்,
அண்ணாச்சி